அடைக்கலப் பொருளும் விலைப் பொருளும்

கொடுத்த வாக்கை மீறுதல் தவறென்பதிற் பெரிய கருத்து வேற்றுமை எவருக்கும் இல்லை. ஆயின், வாக்குக் கொடுத்தவன் அதனை நேரே மீறாது, அவ்வாக்கு எவ்விடத்தில் நிறைவேற்றப்பட வேண்டுமோ அவ்விடத்தையே பிறனொருவனுக்கு விற்றுவிடுகிறான் என வைத்துக்கொள்வோம். விற்றவன் வாக்கை மீறியவனாவானா? வாங்கியவன் தான் கொடாத வாக்கிற்குக் கட்டுப்பட்டவனா? அவ்வாக்கை நம்பி வந்தவர்கள் யாரிடம் சென்று முறையிடுவது? இவை தருக்கப் பயிற்சிக்காகப் புனைந்த வினாக்கள் அல்ல. இக்கட்டுரையைப் படிப்போருட் பெரும்பாலாரின் கைத்தொலைபேசியில் இன்று இருக்கும் ஒரு செயலியின் வரலாறு இவ்வினாக்களையே சுற்றி அமைந்துள்ளது.

அச்செயலி வாட்ஸ்அப் ஆகும். அதனை உருவாக்கிய இருவருள் ஒருவரான பிரயன் அக்டன் என்னும் அமெரிக்க மென்பொருட் பொறியியலாளரின் தொழில்வாழ்வை முன்வைத்து மேற்கூறிய வினாக்களை ஆராய்வதே இங்கு நோக்கம். இதற்கு வேறு பலருடைய வாழ்க்கையும் உதவக்கூடும். ஆயினும், தாம் செய்தது யாது என்பதைத் தாமே பகிரங்கமாகக் கூறி, பின்னர் அதற்கு மாறானதொன்றை அச்செயலால் வந்த பணத்தைக் கொண்டே எழுப்ப முனைந்தவர் அவர். அறவியல் பயில்வோருக்கு இத்தகைய எடுத்துக்காட்டு எளிதிற் கிட்டுவதன்று.

1972 இற் பிறந்த அக்டன், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திற் கணினி விஞ்ஞானம் பயின்று 1994 இற் பட்டம் பெற்றார். 1996 இல் யாகூ நிறுவனத்தின் 44 ஆவது ஊழியராகச் சேர்ந்தார். இணையம் ஆய்வுக்கூடங்களை விட்டு வெளியேறி வணிகமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஏறத்தாழப் பதினோராண்டு அங்கு கடமையாற்றிய அவர், அந்நிறுவனத்தின் விளம்பர அமைப்புகளிலும் உழைத்தார். உக்ரைனிலிருந்து தம் பதினாறாவது வயதில் தாயுடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜான் கூம் என்பாரின் நட்பு அவருக்குக் கிட்டியதும் அங்கேயே. விளம்பரத்தாற் பிழைக்கும் தொழிலின் உள்ளமைப்பை இருவரும் நன்கறிந்தனர். அறிந்தமையாலேயே வெறுத்தனர் எனலாம். 2007 இல் இருவரும் யாகூவை விட்டு விலகினர். 2009 இல் அக்டன் டுவிட்டரிலும் பேஸ்புக்கிலும் வேலை கேட்டு இரண்டிடத்திலும் மறுக்கப்பட்டார். ஐந்தாண்டின் பின் பேஸ்புக் அவருக்குப் பல பில்லியன் டொலர் கொடுக்க நேர்ந்ததைப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. நமக்கு அந்த வேடிக்கை முக்கியமன்று.

வாட்ஸ்அப்பை 2009 இல் முதலிற் தொடங்கியவர் கூம். அக்டன் அதே ஆண்டின் பிற்பகுதியில், யாகூவில் உடனுழைத்த நண்பர் ஐவரிடமிருந்து 250,000 டொலரைத் திரட்டிக் கொடுத்து இணைநிறுவுநர் ஆனார். குறுஞ்செய்தி ஒவ்வொன்றுக்கும் தொலைபேசி நிறுவனங்கள் கட்டணம் அறவிட்ட காலத்தில், இணையத் தொடர்பொன்றைக் கொண்டே உலகின் எந்த மூலைக்கும் செய்தி அனுப்ப வழிசெய்தது அச்செயலி. அக்டன் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த குறிப்பைக் கூம் தம் மேசையில் ஒட்டிவைத்திருந்தார். விளம்பரம் இல்லை, விளையாட்டு இல்லை, கவர்ச்சி வித்தை இல்லை என்பதே அதன் பொருள். வருமானத்துக்கு அவர்கள் பயனரிடமே கைநீட்டினர்: முதலாண்டு இலவசம், அதன்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டொலர். விளம்பரம் நுழையும் இடத்திற் பயனரே விற்பனைப் பண்டமாகிறார் என்ற கருத்தை 2012 ஜூனில் வெளியிட்ட விளக்கமொன்றில் ஒளிவுமறைவின்றிக் கூறினர். கூமைப் பொறுத்தவரை இது வெறும் வணிகக் கொள்கையும் அன்று. தொலைபேசியிற் பேசுவது ஒட்டுக்கேட்கப்படும் என்ற அச்சத்துடன் மக்கள் வாழ்ந்த சோவியத் உக்ரைனிற் கழிந்த தம் இளமையை அவர் 2014 மார்ச்சில் எழுதிய குறிப்பொன்றில் நினைவுகூர்ந்துள்ளார்.

இவற்றை வாக்குறுதி என்று கொள்வது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். எங்கள் சவர்க்காரமே சிறந்தது என்று கடைக்காரன் கூறுவதை எவரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்லை. ஆயின் சவர்க்காரக் கடைக்காரன் எதனையும் தன்னிடம் ஒப்படைக்கும்படி நம்மைக் கேட்பதில்லை. வாட்ஸ்அப் கேட்டது. தம் தொலைபேசி எண்ணை மட்டுமன்றி, தம் தொலைபேசியிற் பதிந்துவைத்திருந்த உற்றார் உறவினர் அனைவரின் எண்களையும், இன்னாருடன் இன்ன வேளையில் உரையாடினேன் என்ற தடத்தையும் பயனர் அங்கு வைத்தார். வைத்தமைக்குக் காரணம் மேற்படி சொல்லே. தமிழில் இத்தகையவற்றுக்கு அடைக்கலப் பொருள் என்று பெயர். வெளியூர் செல்பவர் அயல்வீட்டாரிடம் நம்பி ஒப்படைக்கும் நகைப்பெட்டி போன்றது அது. வைத்திருப்பவர் அதன் காவலரே அன்றி உடைமையாளர் அல்லர்.

2014 பெப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம் வாட்ஸ்அப்பை 19 பில்லியன் டொலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அவற்றுள் 4 பில்லியன் காசாகவும் 12 பில்லியன் பங்குகளாகவும் அமைந்தன. எஞ்சிய 3 பில்லியன், நிறுவுநரும் ஊழியரும் நான்காண்டுக் காலத்திற் சிறிது சிறிதாகப் பெறவேண்டிய பங்குகள். வாட்ஸ்அப்பை மாதந்தோறும் பயன்படுத்தியோர் அன்று 450 மில்லியன்; அதன் ஊழியர் 55 பேர். இவ்வெண்களைச் சற்று வகுத்துப் பார்த்தல் பயனுடைத்து. பயனர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட விலை ஏறத்தாழ 42 டொலர். ஆண்டுக் கட்டணம் ஒரு டொலராயின், அது ஒருவரின் 42 ஆண்டுக் கட்டணத்துக்குச் சமம். பயனர் தொகை பெருகும் என்ற எதிர்பார்ப்பும் அவ்விலையில் அடங்கியது என்பதை மறுப்பதற்கில்லை. 2020 பெப்ரவரி அளவில் அத்தொகை 2 பில்லியனை எட்டியது. ஆயினும் அந்த ஒரு டொலர்க் கட்டணத்தையே 2016 ஜனவரியிற் கைவிட்டனர். தலைக்கு 42 டொலர் கொடுத்து வாங்கியவர் கட்டணம் வேண்டாம் என்கிறார். அயலவன் தன் வீட்டை விற்கிறான். வீட்டுக்கு மிஞ்சிய விலை கொடுத்து ஒருவர் அதை வாங்குகிறார். உள்ளே அடுக்கியிருக்கும் பெட்டிகளை அவர் எண்ணிப் பார்த்திருப்பார் என்று ஊகிப்பதிற் பிழையில்லை.

விற்பனையின்போது, பயனர்களுக்கு எதுவும் மாறாது என்று மீண்டும் உறுதிகூறப்பட்டது. ஐரோப்பிய ஆணைக்குழு இவ்விணைப்பை ஆராய்ந்த வேளையில், இரு சேவைகளினதும் பயனர் கணக்குகளை நம்பத்தகுந்த முறையில் தன்னியக்கமாகப் பொருத்துதல் இயலாதென்று பேஸ்புக் தெரிவித்தது. 2016 ஆகஸ்டில் வாட்ஸ்அப் தன் நிபந்தனைகளை மாற்றி, பயனரின் தொலைபேசி எண்ணைப் பேஸ்புக்குடன் பகிர வழிசெய்தது. 2014 இற் பிழையான அல்லது தவறாக வழிநடத்தும் தகவல் வழங்கப்பட்டதெனக் கூறி, 2017 மே மாதத்தில் ஆணைக்குழு பேஸ்புக்குக்கு 110 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. இரு தொகுதிகளின் தரவுகளையும் ஒன்றுகலத்தல் மிகக் கடினம் என்று அதிகாரிகளுக்கு விளக்கும்படி தாம் பயிற்றப்பட்டதாக அக்டன் 2018 இல் ‘போர்ப்ஸ்’ சஞ்சிகைக்குக் கூறினார். தம் பயனர்களின் அந்தரங்கத்தைத் தாம் விற்றுவிட்டதாகவும், அவ்விணக்கப்பாட்டின் நினைவோடு நாள்தோறும் வாழ்வதாகவும் அவர் கூறியது அதே நேர்காணலிலேயே. அதற்கு ஓராண்டு முன்னர், 2017 செப்டெம்பரில், இன்னும் தம் கைக்கு வாராத ஏறத்தாழ 850 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளை விட்டு அவர் விலகியிருந்தார். 2025 ஜூனில், வாட்ஸ்அப்பின் ஒரு பகுதியில் விளம்பரங்கள் இடம்பெறும் என்ற அறிவித்தலும் வெளிவந்தது.

நடுநிலைமை கருதி மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். விற்பனைக்குப் பின்னரே, 2016 ஏப்ரலில், வாட்ஸ்அப்பின் எல்லாச் செய்திகளும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டன. அனுப்புபவரின் தொலைபேசியிற் பூட்டப்படும் செய்தியைத் திறக்கும் திறவுகோல் பெறுபவரின் தொலைபேசியில் மட்டுமே இருக்கும். இடையிலுள்ள நிறுவனத்தின் கணினிகள் பூட்டிய பெட்டியைச் சுமந்து செல்கின்றனவே ஒழிய உள்ளே இருப்பதை அறியா. நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு இது கட்டணமின்றிக் கிட்டியது. ஆகவே கடிதத்தைப் படிக்கமாட்டோம் என்ற வாக்கு காக்கப்பட்டது. உண்மையிற் பலப்படுத்தவும் பட்டது. கைமாறியது கடிதமன்று, உறையின் மேலுள்ளவை: யார், யாருக்கு, எப்போது, எத்தனை முறை. ஒருவர் புற்றுநோய் வைத்தியரோடு ஒரு வாரத்திற் பத்துமுறை தொடர்பு கொண்டார் என்பது தெரிந்தால், என்ன பேசினார் என்பது தெரியவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

அந்தரங்கம் எப்போதும் நன்மையே பயக்கும் என்று கொள்வதும் ஆகாது. 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல்கள் நிகழ்ந்தபோது, வெறுப்பையும் வதந்தியையும் பரப்பிய வழிகளுள் இச்செயலியும் ஒன்றெனக் கருதி அரசாங்கம் அதனையும் பேஸ்புக்கையும் சில நாட்களுக்குத் தடைசெய்தமை நமக்கு மறந்திருக்காது. அதே மாதத்திலேயே, வேறு காரணத்தால், பேஸ்புக்கை அழித்துவிடும்படி அக்டன் டுவிட்டரில் எழுதினார். ஆயினும் ஒரு வாக்கு நல்ல விளைவைத் தருமா என்பது வேறு, அதனை நம்பியவர்களுக்குத் தெரியாமற் கைமாற்றலாமா என்பது வேறு. இங்கு நாம் எடுத்துக்கொண்டது இரண்டாவதையே.

வாக்குறுதியின் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதிற் தத்துவ ஞானிகள் ஒத்துப்போவதில்லை. நிறைவேற்றும் எண்ணமின்றி வாக்களிப்பவன், எல்லோரும் அவ்வாறே செய்வதை விரும்பவியலாது என்பதை 1785 இல் வெளிவந்த தம் நூலிற் கான்ற் காட்டினார். வாக்குறுதி இயற்கையாக அமைந்த கடப்பாடன்று, மக்கள் தம் பொதுநலன் கருதி ஏற்படுத்திக்கொண்ட வழக்கே என்று ஹியூம் கருதினார். அக்டன் விடயத்தில் இவ்விரு நோக்குகளும் நம்மை நெடுந்தூரம் இட்டுச்செல்லா. அவர் பொய்யாக வாக்களித்தவர் அல்லர். 2009 இலும் 2012 இலும் தாம் சொன்னதை அவர் மனமார நம்பினார் என்றே கொள்ளவேண்டும். இங்கு உதவுவது வாக்குறுதியின் மற்றொரு இயல்பு. வாக்களித்தவனை அவ்வாக்கிலிருந்து விடுவிக்கும் உரிமை, வாக்கைப் பெற்றவனுக்கே உண்டு; அளித்தவனுக்கு இல்லை. கடன் கொடுத்தவன் கடனைத் தள்ளுபடி செய்யலாம், வாங்கியவன் செய்யவியலாது. தமிழிற் ‘கடன்’ என்னும் ஒரே சொல் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணத்தையும் செய்யவேண்டிய கடமையையும் குறிப்பது தற்செயலன்று என்றே தோன்றுகிறது.

இந்த அளவுகோலை வைத்து நோக்குமிடத்து, 450 மில்லியன் பேரிடம் விடுதலை கேட்கப்படவில்லை என்பது தெளிவு. கேட்டிருக்க முடியுமா என்று சிலர் வினவுவர். 2016 இல் நிபந்தனைகள் மாறியபோது, ஏற்கெனவே இருந்த பயனர்களுக்கு அப்பகிர்வின் ஒரு பகுதியை மறுக்க 30 நாள் அவகாசம் அளிக்கப்பட்டதே, விரும்பாதோர் விலகியிருக்கலாமே என்பது அவர்தம் வாதம். தனி ஒருவர் கடையை மாற்றுவது போன்றதன்று இது. தாயும் மக்களும், வகுப்புத் தோழரும், வேலைத்தலத்தாரும் ஓரிடத்திற் கூடியிருக்க, ஒருவர் மட்டும் எழுந்து செல்வதென்பது அவர்கள் அனைவரையும் விட்டுச் செல்வதாகும். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் மேலும் ஒரு நிபந்தனை மாற்றத்தை அறிவித்தபோது மில்லியன் கணக்கானோர் வேறு செயலிகளை நாடினர். ஆயின் அவர்களுட் பலர் பழையதையும் வைத்துக்கொண்டே புதியதிற் சேர்ந்தனர். இக்கட்டுரையாளனும் அவர்களுள் ஒருவன்.

அக்டன் தம் பக்க நியாயத்தை 2019 மார்ச்சில் தம் பழைய பல்கலைக்கழகத்திலேயே மாணவர் முன்னிலையில் எடுத்துரைத்தார். கணினியும் அறமும் பற்றிய வகுப்பு அது. ஊழியர் ஏறத்தாழ ஐம்பது பேர், அவர்கள் இவ்விற்பனையால் அடையவிருந்த பணம், முதலிட்டவர்களின் உரிமை, தம்மிடம் இருந்ததோ சிறுபான்மைப் பங்கு என்ற நிலை, இவை யாவற்றையும் தாம் எண்ணிப்பார்க்க வேண்டியிருந்ததாகவும், வேண்டாம் என்று சொல்லும் முழு வலிமை தமக்கு இருக்கவில்லை என்றும் அவர் கூறினார். இதனைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. உடனுழைத்தவர்க்கும் நம்பிப் பணமிட்டவர்க்கும் ஒருவன் கடப்பாடுடையவன் என்பது மெய். ஆனால் இப்பட்டியலில் இடம்பெற்றோர் அனைவரும் பேரம் நடந்த அறைக்குள் இருந்தவர்கள், அன்றி அவ்வறைக்குள் தமக்காகப் பேச ஒருவரைக் கொண்டிருந்தவர்கள். வெளியே இருந்தவர்களின் பெயரால் அங்கு ஒரு நாற்காலியும் போடப்படவில்லை. அவர்களுக்காகப் பேசியிருக்கக் கூடியவர் ஒருவர் இருந்தாராயின், அவர் அந்தத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டவரே.

இவ்விடத்தில் மற்றொரு மறுப்பு எழும். நமது பல்கலைக்கழகங்களில் மார்க்சிய நோக்கிற் பயின்றோர் அதனைத் தவறாது எழுப்புவர். தனிமனிதனின் மனச்சாட்சியை இவ்வளவு தூரம் துருவுவதால் ஆவதென்ன? மூலதனத்தின் இயல்பே இது. அக்டன் விற்றிராவிடின் வேறொருவர் விற்றிருப்பார். மக்களின் உறவுகளையே பண்டமாக்கும் உற்பத்தி முறையை விட்டுவிட்டு ஒரு பொறியியலாளரின் மனவேதனையைப் பேசுவது கண்ணீர்க் கதையாகும் என்பர். இம்மறுப்பில் உண்மை பெரிதும் உண்டு. 42 டொலர் என்ற எண் எவருடைய தனிப்பட்ட பேராசையாலும் தோன்றியதன்று. ஆயின் இதே நோக்கு வேறொன்றையும் காணச்செய்ய வேண்டும். 32 பொறியியலாளர் 450 மில்லியன் மக்களுக்குச் சேவை வழங்கியமை எவ்வாறு சாத்தியமாயிற்று? அவர்களின் கணினிகள் எப்.பி.எஸ்.டி. என்னும் இயங்குதளத்திற் செயற்பட்டன. கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திற் தோன்றிய மரபொன்றிலிருந்து வளர்ந்து, உலகெங்கும் உள்ள தன்னார்வலர் பலர் கூடி எழுதி எவரும் எடுத்தாளும்படி வைத்த மென்பொருள் அது. செய்திகளைக் கையாண்ட நிரல் எர்லாங் என்னும் மொழியில் எழுதப்பட்டது. சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தார் தம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக ஆக்கி 1998 இற் பொதுவுடைமையாக வெளியிட்ட மொழி அது. பின்னர் வந்த மறைகுறியாக்க முறையையும், மொக்சி மார்லின்ஸ்பைக் என்பவரின் சிறு குழு ஆக்கி எவரும் பயன்படுத்தத்தக்கதாக வெளியிட்டிருந்தது. ஆகவே முதலாளித்துவ சமூகத்தின் நடுவிலேயே, விற்பனைக்கன்றி வழங்கலுக்காக உழைக்கும் மற்றொரு முறையும் நிலவுகிறது. 19 பில்லியன் டொலர் விலை அதன் தோளின்மீதே ஏறிநின்றது. கூம் 2014 நவம்பரில் எப்.பி.எஸ்.டி. அறக்கட்டளைக்கு 1 மில்லியன் டொலர் வழங்கினார். நல்ல காரியந்தான். விலையோடு ஒப்பிட்டால் அது பத்தொன்பதாயிரத்தில் ஒரு பங்கு.

அக்டனின் 2018 ஆம் ஆண்டு நேர்காணல் வெளிவந்ததும், பேஸ்புக்கின் உயர்நிலையாளருள் ஒருவரான டேவிட் மார்க்கஸ் அதற்குப் பகிரங்கமாக மறுமொழி எழுதினார். உம்மைப் பெருஞ்செல்வராக்கிய நிறுவனத்தையும் மனிதரையும் தாக்குவது இழிவானது என்பது அவர் கூற்றின் சாரம். தமிழ் மரபில் வளர்ந்தவருக்கு இக்குற்றச்சாட்டு உடனே விளங்கும். செஞ்சோற்றுக்கடன் மறந்தவன் என்பதே அது. கும்பகருணனும் கர்ணனும் தாம் நின்ற பக்கம் அறத்தின் பக்கம் அன்று என்பதை அறிந்தும் உண்ட சோற்றுக்காக நின்று மடிந்தவர்கள். அவர்களை நம்மவர் போற்றுவர். தமையனைத் துறந்து சென்ற வீடணனின் பெயரோ நம் பேச்சு வழக்கில் வசையாகிவிட்டது. கம்பன் விழா மேடைகளில் இவ்விருவரையும் வைத்து நடந்த பட்டிமன்றங்களுக்குக் கணக்கில்லை. அக்டன் வீடணன் வழிச் சென்றவர் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் வீடணன் இலங்கையின் செல்வத்தை மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறவில்லை. அக்டன் 850 மில்லியனை விட்டுச் சென்றார் என்பது மெய். பல பில்லியன்களைக் கொண்டு சென்றார் என்பதும் மெய்.

ஆயின் செஞ்சோற்றுக்கடன் பற்றிய வாதத்தில் முதற்கண் கேட்கவேண்டிய கேள்வியை மார்க்கஸ் கேட்கவில்லை. பட்டிமன்றங்களிலும் அது அரிதாகவே கேட்கப்படுகிறது. சோறு யாருடையது? துரியோதனன் கர்ணனுக்குக் கொடுத்த அங்கநாட்டை உழுதவர் துரியோதனன் அல்லர். அவ்வாறே அக்டன் பெற்ற செல்வத்துக்குப் பேஸ்புக் காசோலை எழுதியது என்பது உண்மையாயினும், அக்காசோலைக்குப் பெறுமதி தந்தது 450 மில்லியன் பேர் வைத்த நம்பிக்கையே. அவர்கள் இல்லாத வாட்ஸ்அப்பை எவரும் ஒரு மில்லியனுக்கும் வாங்கியிரார். அங்ஙனமாயின் செஞ்சோற்றுக்கடன் உண்டு. ஆனால் அது பயனருக்கும், பெயர் தெரியாத அந்த மென்பொருள் வழங்கியோருக்கும் உரியது. அக்டன் வாய் திறந்தது அக்கடனை மறந்தமையால் அன்று, பிந்தியேனும் நினைவுகூர்ந்தமையால் என்றே இக்கட்டுரையாளன் கருதுகிறான்.

நினைவுகூர்தல் மட்டும் கடனை அடைக்குமா? 2018 பெப்ரவரியில் அக்டன், மேற்கூறிய மார்லின்ஸ்பைக்குடன் இணைந்து, சிக்னல் என்னும் செய்திச் செயலியை நடத்துவதற்கான இலாபநோக்கற்ற அறக்கட்டளையொன்றை 50 மில்லியன் டொலர் இட்டு நிறுவினார். இதன் முக்கியத்துவம் தொகையில் இல்லை, அமைப்பில் உள்ளது. அதற்குப் பங்குதாரர் இல்லை. ஆகவே வாங்கக்கூடிய பங்கும் இல்லை. அதன் மூலநிரல் எவரும் பார்த்துச் சோதிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளது. வாட்ஸ்அப்பில் வாக்கு ஒரு தாளில் இருந்தது. தாளை ஒட்டிவைத்த மேசை விற்கப்பட்டபோது அதற்குக் காவல் எதுவும் இருக்கவில்லை. இங்கு அதே வாக்கு நிறுவனத்தின் சட்டவடிவத்திலும் கணினியின் அமைப்பிலும் பொதியப்பட்டது. 2016 இல், அறக்கட்டளை அமையுமுன்னரே, ஐக்கிய அமெரிக்க நீதித்துறை அழைப்பாணையொன்றின் மூலம் சிக்னல் பயனர் பற்றிய விபரங்களைக் கோரியபோது, கணக்குத் தொடங்கிய நாளையும் இறுதியாகத் தொடர்புகொண்ட நாளையும் தவிர வேறெதனையும் கொடுக்க அக்குழுவால் இயலவில்லை. கொடுக்க மறுத்தமையால் அன்று. கொடுப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

‘சொல்லமாட்டேன்’ என்பதற்கும் ‘என்னிடம் இல்லை’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு அறவியலிற் கூர்ந்து நோக்கத்தக்கது. முதலாவது ஒழுக்கம், இரண்டாவது வெறும் இயலாமை. மீறவே முடியாத வாக்கைக் காப்பதில் என்ன பெருமை என்று கேட்கலாம். பூட்டிய வீட்டுக்குள் இருப்பவன் ஊர்சுற்றாமைக்குப் புகழ் பெறுவதில்லை. கான்ற் வழிச் சிந்திப்போர், சுதந்திரமான சித்தம் செயற்படாத இடத்தில் அறப்பெறுமதியும் இல்லை என்று வாதிடக்கூடும். ஆனால் பூட்டியது யார் என்பதையும் பார்க்கவேண்டும். 2014 க்கு முன்னர் அக்டன் தமக்கு விலையில்லை என்று நம்பியிருப்பார். 2014 இல் தமக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அது எவ்வளவு என்பதையும் அறிந்தார். தன் விலையை அறிந்தபின் ஒருவன் இனி நான் உறுதியாக இருப்பேன் என்று மீண்டும் சத்தியம் செய்யலாம். அல்லது தன்னை எவரும் வாங்க முடியாதபடி கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் எறியலாம். பின்னதில் வீரம் குறைவு. ஆயினும் தன் உறுதியைத் தானே நம்பாமையில் ஒரு நேர்மை உண்டு. அடைக்கலப் பொருளைக் காப்பவனிடம் நாம் எதிர்பார்ப்பதும் வீரத்தை அன்று.

இனி, இவ்வமைப்பிலும் தீராத ஒரு முரண் உள்ளது. சிக்னல் 2023 நவம்பரில் தன் செலவுக் கணக்கை வெளியிட்டது. ஊழியர் ஏறத்தாழ 50 பேர். 2025 அளவில் ஆண்டுச் செலவு 50 மில்லியன் டொலரை அண்மிக்கும் என்று அது கணித்தது. புதிய பயனரின் எண்ணை உறுதிப்படுத்தக் குறுஞ்செய்தி அனுப்புவதற்குத் தொலைபேசி நிறுவனங்களுக்குக் கொடுப்பது மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லியன் டொலர். குறுஞ்செய்திக் கட்டணத்திலிருந்து மக்களை விடுவித்த ஒருவரின் அடுத்த முயற்சி அதே கட்டணத்தை இவ்வளவு செலுத்த நேர்ந்திருக்கிறது. பயனரின் நன்கொடைகள் வளர்ந்துவருகின்றன. ஆயினும் அடித்தளமாக நின்றது 2014 இன் விற்பனைப் பணமே. ஒருவருடைய நகைப்பெட்டியை விற்ற காசில் ஊருக்கு ஒரு காவற்கூடம் எழுப்பப்பட்டது என்றால், பெட்டியை இழந்தவர் அதனை இழப்பீடாக ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. அவர் விரும்பினால் அக்காவற்கூடத்தைப் பயன்படுத்தலாம், அவ்வளவே. மார்க்சியர் எழுப்பிய மறுப்பு இங்கு மீண்டும் வலுவோடு திரும்புகிறது. விற்பனை நிகழ்ந்திராவிடின் விற்கவியலாத இந்நிறுவனம் இந்த அளவில் எழுந்திருக்குமா என்ற கேள்விக்கு, இக்கட்டுரையாளன் ஆம் என்று சொல்லத் துணியவில்லை.

அக்டன் அறக்கட்டளைக்குக் கொடுத்த பணமும் கணக்கேடுகளில் நன்கொடையாகப் பதியப்படவில்லை; கடனாகவே பதியப்பட்டுள்ளது. 2018 இன் இறுதியில் அது 105 மில்லியன் டொலராக உயர்ந்திருந்தது. திருப்பிச் செலுத்தவேண்டிய நாள் 2068 பெப்ரவரி 28. அந்நாளில் அக்டன் உயிரோடிருப்பின் அவருக்கு வயது 96. அக்கடனுக்கு வட்டி இல்லை; பிணையும் இல்லை.